பக்கத்து மொட்டைமாடிப் பெட்டி

அந்தக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் சி.ஐ.டி. அக்கா. நேரில் வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால்தான் முழுப் பட்டம். அது அவளுக்கும் தெரியும். பட்டத்தை முதலில் வைத்தது யார் என்பதைக்கூடத் துருவித் துருவி விசாரித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இஸ்திரிக்காரர்தான். அதற்காக அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. என்றைக்காவது உதவும் என்று மனதில் போட்டு வைத்துக்கொண்டாள்.

பட்டம் சும்மா ஒன்றும் வந்துவிடவில்லை. கடையில் காய் நிறுக்கும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள், அவள் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பாள். பஸ் வராது என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவாள். யாராவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால் போச்சு, இவருக்கு என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்ற யோசனையிலேயே அன்றைய பொழுது போய்விடும். இவளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் குடியிருப்போர் சங்கத்தில் இவளுக்குக் கொடுத்திருந்த வேலைக்கு இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

குடியிருப்பு ஒரு மலைச்சரிவில் இருந்தது. கீழே சாலையோரம் கேட், கேட்டை ஒட்டிச் சங்கத்தின் அலுவலக அறை. அங்கிருந்து கட்டடங்கள் படிப்படியாக மேலேறி, நடுவில் இருக்கும் ஒரு பெரிய பள்ளத்தைச் சுற்றி வளைந்து எதிர்க்கரைக்குப் போகும். இந்தக் கரையில் அக்காவின் கட்டடமும் அவள் தங்கையின் கட்டடமும் பக்கத்துப் பக்கத்தில். எதிர்க்கரையின் உச்சியில், கடைசி வீடாக, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனியாக இருந்தார். டிரைவர் என்றால் அங்கே அவர்தான்.

இன்டர்நெட் கம்பி கேட்டோடு நின்றுவிட்டது. மேலே முழுக்கப் பாறை, தோண்டி இழுக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு கட்டடத்தின் மொட்டைமாடியிலும் இரண்டு கொம்பு வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். உச்சி வீட்டுச் செய்தி ஒரே தாவலில் கேட்டுக்கு வந்துவிடாது. ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம். இப்படிக் கைமாறிக் கைமாறிக் கீழே வந்து கம்பியில் ஏறும். பதிலும் அதே மாதிரி ஏறி வரும். அவ்வப்போது ஒவ்வொரு பெட்டியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சின்னதாக ஒரு குரல் கொடுக்கும். அது காதில் விழுந்த பெட்டிகள் எல்லாம் அதைத் தங்கள் அண்டை வீடாகச் சேர்த்துக்கொள்ளும். யாரிடம் யார் கொடுப்பது என்று பெட்டிகள் தங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொள்ளும்.

இந்தப் பெட்டிகளை மேய்ப்பதுதான் அக்காவின் வேலை. முன்பு ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் அறையில் யாருடைய அழைப்பு யாருக்கு என்று இணைத்துக்கொண்டிருந்தவள். தொழிற்சாலையை மூடிய பிறகு சங்கம் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், திரையில் பெட்டிகளெல்லாம் புள்ளிகளாக, அவற்றுக்கு நடுவே பச்சையாகவும் மஞ்சளாகவும் கோடுகள். செய்தி எங்கே காணாமல் போகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பெட்டிகளைக் கொண்டுவந்து மாட்டிய கம்பெனி ஆளையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"தம்பி, எந்த வழியில போகணும்னு இது எத வெச்சு முடிவு பண்ணுது?"

"எந்த வழியில போனா திரும்பத் திரும்ப அனுப்பாம ஒழுங்காப் போய்ச் சேருதோ, அதப் பாத்து எடுக்கும்மா."

"நடுவுல எத்தன கை மாறும்?"

"நாலும் மாறலாம், ஆறும் மாறலாம். சேந்தா சரிதானே?"

"கை கம்மியா இருக்கற வழியா எடுக்க வைக்க முடியாதா?"

"முடியும். ஆனா அதெல்லாம் தொடாதீங்க, அப்படியே விட்டுடுங்க."

தொடாதீங்க என்று அவர் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. ஒருவர் அப்படிச் சொன்னால் அங்கே ஏதோ மூடி மறைக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. அவருடைய வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பின் செய்திகள் எல்லாம், எந்த வழியில் கை குறைவோ அந்த வழியில்தான் போயின. நடுவில் ஆள் குறைந்தால் விழுங்குகிறவர்களும் குறைவார்கள் என்று நிம்மதியாக இருந்தாள்.

நடுவில் இருப்பவர்கள் மேல் அவளுக்கு ஏன் அத்தனை கசப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் அவள் புருஷன் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. வேறு ஊர், வேறு குடும்பம். தெருவில் பாதிப் பேருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அலமாரியைத் திறந்து சட்டைகள் இல்லாததைப் பார்த்து, கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான். நேரே தங்கை வீட்டுக்கு ஓடினாள். விஷயத்தைச் சொன்னாள். தங்கை "ஐயையோ, எப்ப?" என்று கேட்கவில்லை. "வா, மொதல்ல வந்து உக்காரு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அக்காவின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. இப்படி ஒரு செய்தியைக் கேட்டவள் ஏன் அதிர்ச்சி அடையவில்லை? இவளுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் மென்று விழுங்கினாளா? அதன் பிறகு தங்கை அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாள். பக்கத்துக் கட்டடத்தில் வீடு பிடித்துக் கொடுத்தாள், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் போன பிறகு அக்காவுக்கு இந்த உலகத்தில் ஒட்டு உறவு என்றால் இவள் ஒருத்திதான். ஆனால் தங்கை ஒவ்வொரு முறை அன்பாக நடந்துகொள்ளும்போதும், இது அன்பா, இல்லை உறுத்தலா என்று அக்காவுக்குள் ஒரு கேள்வி எழும். வாயைத் திறந்து கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் போவது? ஊரையே விசாரிப்பவள் அந்த ஒரு கேள்வியை மட்டும் அப்படியே பூட்டி வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் டிரைவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

தனியாக இருக்கிறவர்களுக்காகச் சங்கம் ஒரு பொத்தான் கொடுத்திருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்வது. அமுக்கினால் அவர் குரல் பெட்டி பெட்டியாகக் கீழே வந்து கேட்டில் மணி அடிக்க வேண்டும், காவல்காரர் பேச வேண்டும், ஆள் ஓட வேண்டும். டிரைவர் அமுக்கினார். மறுபடியும் மறுபடியும் அமுக்கினார். கேட்டில் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் சட்டை கொடுக்கப் போன இஸ்திரிக்காரர் கதவுக்கு வெளியிலிருந்து முனகலைக் கேட்டு, பூட்டை உடைத்து உள்ளே போனார். இடுப்பில் பலத்த அடி, நல்லவேளை எலும்பு முறியவில்லை.

"ஆள் பிழைச்சது இஸ்திரிப் பெட்டியால, நம்ம பெட்டியால இல்ல" என்றார் செயலாளர், அக்காவின் அறை வாசலில் நின்றுகொண்டு. நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்தால் சொல்லை எடைபோட மாட்டார். "யாரோட தப்புன்னு ஞாயித்துக்கெழம மீட்டிங்ல சொல்லுங்க. இல்லேன்னா ஒங்க தப்புன்னு நான் சொல்ல வேண்டி வரும்."

அக்கா திரையின் முன்னால் உட்கார்ந்தாள். டிரைவர் வீட்டுப் புள்ளியிலிருந்து ஒரு நீளக் கோடு பள்ளத்தைத் தாண்டி நேரே இந்தக் கரைக்கு வந்தது. வந்து நின்ற புள்ளி தங்கை வீட்டு மொட்டைமாடி. அங்கிருந்து இன்னொரு தாவலில் கேட். ஆக நடுவில் ஒரே ஒரு கைதான். டிரைவரின் பெட்டி, கொடுத்தேன் என்கிறது. கேட், எனக்கு வரவில்லை என்கிறது. அப்படியென்றால் விழுங்கியது யார்?

போயும் போயும் அந்த வீடா!

தங்கையின் புருஷன் டியூஷன் சார். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். அதிகம் பேசாதவர். அதிகம் பேசாதவர்களை அக்கா எப்போதுமே நம்பியதில்லை. குடியிருப்பில் எதிர்க்கரைக்காரர்கள் எல்லோரும் லைன் இழுக்கிறது, படம் நிற்கிறது என்று புலம்பிக்கொண்டிருக்கும்போது இவர் வகுப்பு மட்டும் ஒரு தடவைகூட நின்றதாக யாரும் சொன்னதில்லை. அது எப்படி? ஊரார் செய்தியைத் தன் பெட்டியில் நிறுத்திவைத்துவிட்டுத் தன் வகுப்பை முதலில் அனுப்புகிறாரோ? ஒன்றின்மேல் ஒன்றாகச் சந்தேகம் அடுக்கிக்கொண்டே போனாள். கேட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்குமே லைன் நன்றாகத்தான் இருந்தது, அவள் வீட்டிலும் அப்படித்தான் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவுக்கே வரவில்லை.

விசாரணை தொடங்கியது. முதலில் இஸ்திரிக்காரர்.

"டியூஷன் சார் வீட்டு மாடிக்குப் போறதுண்டா?"

"துணி காயப்போட எல்லாரும்தான் போவாங்க."

"நான் எல்லாரையும் கேக்கல. அவரு போவாரா?"

"போன வாரம் பாத்தேன்க்கா. பெட்டிகிட்ட என்னமோ வயர புடிச்சுக்கிட்டு நின்னாரு."

"என்ன வயரு?"

"எனக்கு இஸ்திரிப் பெட்டி வயரத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. ஆள விடுங்க."

அடுத்து காவல்காரர். டியூஷன் சாருக்குச் சமீபத்தில் ஏதோ பார்சல் வந்ததாகச் சொன்னார். என்ன பார்சல்? சின்னது. எவ்வளவு சின்னது? அவர் கையால் காட்டினார். அந்த அளவு அக்காவுக்குப் போதுமாக இருந்தது. தங்கைக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனாள். டியூஷன் சார் ஒரு நாள் போனில் "என் லைன் போகாம பாத்துக்கறேன், கவலப்படாதீங்க" என்று யாரிடமோ சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டதாம். பிள்ளைகளின் பெற்றோரிடம் எந்த வாத்தியாரும் சொல்லக்கூடிய பேச்சுதான். அக்காவின் காதில் அது வாக்குமூலமாக விழுந்தது.

அந்த நாட்களில் தங்கை எதிரில் பட்டாள். "என்னக்கா, முகமே சரியில்ல?" என்றாள். அக்கா ஒன்றுமில்லை என்றாள். தங்கை அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு மாடிவரை வந்து வைத்துவிட்டுப் போனாள். கேட்டிருக்கலாம். அந்த இடத்தில், அந்தப் படியில் நிறுத்தி, ஒங்க வீட்டுப் பெட்டியில என்ன நடக்குது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு எங்கே போய் முடியுமோ என்று பயம். தங்கை முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. புருஷன் போன அன்றைக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மீட்டிங்கில் எல்லோரும் இருந்தார்கள். டிரைவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் வலியைவிட, உடைத்த பூட்டுக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தார். செயலாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்தாள்.

"டிரைவர் சார் பொத்தான அமுக்கினது உண்மை. அது பள்ளத்தத் தாண்டினதும் உண்மை. தாண்டி வந்த எடத்துல காணாமப் போயிருக்கு."

"எந்த எடம்?"

அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. "டியூஷன் சார் வீட்டு மாடி" என்றாள்.

டியூஷன் சார் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து காவல்காரரின் மேஜைமேல் வைத்தார். "இனிமே எங்க மாடி வழியா எதுவும் போக வேண்டாம். எங்க வீட்டுக்குப் பக்கத்து மாடிப் பெட்டியே போதும்" என்றார். தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை என்றால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அது அப்படி இல்லை, யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. அதோடு அவள் அக்காவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பக்கத்துச் சமையலறை ஜன்னல் சாத்தியே கிடந்தது.

மறுநாளிலிருந்து நடந்ததுதான் வேடிக்கை. எதிர்க்கரை லைன் ஜோராக ஓடத் தொடங்கியது. டிரைவர் பொத்தானை அமுக்கிப் பார்த்தார், மணி கணீரென்று அடித்தது. "ஒங்க பொத்தான் சரியாயிடுச்சு, பூட்டுக்கு மட்டும் வழி சொல்லுங்க" என்று அவர் அதிலேயே சத்தம் போட்டது கேட்டில் தெளிவாகக் கேட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அக்காவை மெச்சினார்கள். பட்டம் முதன்முறையாக நேரிலேயே சொல்லப்பட்டது. "சி.ஐ.டி.ன்னா சும்மாவா!" என்றார் செயலாளர். பெட்டியைக் கழற்றியதும் சரியானது என்றால் வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

வேறு யாராக இருந்தாலும் மாலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். நம் அக்கா பிறவியிலேயே அப்படிப்பட்டவள் இல்லையே. எல்லோரும் ஒரே குரலில் அவளைப் பாராட்டியதே அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் நிரூபணமாகி அவள் பார்த்ததில்லை. டியூஷன் சார் ஏன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை? திருடினவன் என்றால் நாலு வார்த்தை கூடுதலாக அல்லவா பேசியிருப்பான்? அவளுக்குத் தன் வெற்றி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கம் போயிற்று.

காவல்காரரின் மேஜையில் தூசி படிந்துகொண்டிருந்த பெட்டியை எடுத்துவந்தாள். தன் வீட்டு மொட்டைமாடியில், ஏற்கெனவே இருந்த பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே கம்பத்தில் இதை மாட்டினாள். தன் கம்பம் குட்டை என்பதால், தங்கை மாடிக் கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு குழாயைக் கட்டி ஏற்றினாள். பிறகு பள்ளத்தைச் சுற்றி நடந்து டிரைவர் வீட்டுக்குப் போனாள்.

"சார், பொத்தான அமுக்குங்க."

"மறுபடியுமா? இப்பத்தானே நல்லாயிருக்கு?"

"அமுக்குங்க சார்."

அமுக்கினார். காவல்காரரிடம் போன் போட்டாள். மணி அடிக்கவில்லை என்றார். மறுபடி அமுக்கச் சொன்னாள். அடிக்கவில்லை. கைப்போனில் திரையைத் திறந்து பார்த்தாள். டிரைவர் வீட்டிலிருந்து ஒரு நீளக் கோடு பள்ளத்தைத் தாண்டிப் போய் அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றது. கொடுத்தேன் என்றது டிரைவரின் பெட்டி. வரவில்லை என்றது கேட். இப்போது விழுங்கிய மாடி அவளுடையது. அங்கே டியூஷன் சார் இல்லை, வகுப்பு இல்லை, பார்சல் இல்லை. கொடியில் அவளுடைய புடவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டிரைவர் வீட்டு மாடி விளிம்பில் நின்று எதிரே தன் மாடியைப் பார்த்தாள். அத்தனை தூரம். அப்போது அந்தப் பக்கம் தங்கை கட்டடத்து மாடிக்குத் தையல்காரம்மா ஏறி வந்து, இவளைப் பார்த்துவிட்டு, "அக்கோவ்!" என்று ஒரு கூப்பாடு போட்டாள். அது கேட்டது. அதன் பின் அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அக்கா அப்படியே நின்றாள். பெட்டிகளும் இப்படித்தானே! 'நான் இங்கே இருக்கிறேன்' என்கிற சின்னக் குரல் நிதானமாக, பலமாகப் போகும், கம்பம் உயரமாக இருந்தால் பள்ளத்தையும் தாண்டும். அதைக் கேட்டு டிரைவரின் பெட்டி, அதோ எனக்கு ஓர் அண்டை வீடு என்று எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு மனுஷனின் குரலை, வேகமாக, மூட்டையாகத் தூக்கி எறிந்தால் பாதி வழியிலேயே விழுந்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் வழியாகப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, நாலைந்து கை மாறி நிதானமாக வந்திருந்தால் பத்திரமாகச் சேர்ந்திருக்கும். உயரக் கம்பத்துப் பெட்டியைக் கழற்றிய பிறகு, பள்ளத்தைத் தாவ இடமில்லாமல் போய், அப்படித்தான் சேர்ந்திருக்கிறது. அந்த வழியை அடைத்து, கை குறைவாக இருந்தால் போதும், எவ்வளவு தூரமானாலும் தாவு என்று உத்தரவு போட்டது யார்? கம்பெனி ஆள் தொடாதீங்க என்று சொல்லச் சொல்லத் தொட்டது யார்?

டியூஷன் சார் வீட்டுப் பெட்டி எதையும் விழுங்கவில்லை. அதன் கைக்கு வந்தே சேரவில்லை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் டிரைவர் உள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல சார். திருடனப் புடிச்சுட்டேன்" என்றாள் அக்கா. அவமானத்தில் காது மடல் எல்லாம் எரிந்தது. ஓடிப்போய் அறையில் உட்கார்ந்து, கம்பெனி ஆள் வைத்துவிட்டுப் போன பழைய முறைக்கே மாற்றினாள். திரையில் நீளக் கோடு மறைந்தது. வீடு வீடாகச் சின்னச் சின்னக் கோடுகள் பள்ளத்தைச் சுற்றி வந்தன. டிரைவருக்குப் போன் போட்டு அமுக்கச் சொன்னாள், கேட்டில் மணி அடித்தது.

செயலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "லைன் சரியாயிடுச்சில்ல? அதோட விட்டுடலாமே. எதுக்கு மறுபடியும் கிளறணும்?" என்றார். பூசி மெழுகுகிற பேச்சு. அக்காவுக்கு அந்த நிமிஷம் அது இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். பிறகு மூடிக்கிடந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. "இல்ல சார், அடுத்த மீட்டிங்ல நானே சொல்றேன். எழுந்து நின்னு சொல்றேன்" என்றாள்.

தன் மாடியில் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு, தங்கை வீட்டுப் பெட்டியைத் துடைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துப் படியேறினாள். எத்தனையோ வருஷமாகத் தட்டாமலே நுழைந்த கதவு. அன்றைக்குத் தட்டினாள். டியூஷன் சார் திறந்தார்.

"உள்ள வாங்கக்கா" என்றார். அந்த மரியாதையே அவளைக் குத்தியது.

"தப்பு ஒங்க மேல இல்ல. நான் போட்ட உத்தரவுதான் தப்பு. நம்பாத புத்தி என்னுது" என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "சரிக்கா. மாடியில எலி வயரக் கடிச்சிருந்துச்சு, பார்சல்ல புதுசு வாங்கி மாத்தினேன், அவ்ளோதான். எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க, அதே மாதிரி எல்லாரும் இருக்கறப்ப சொல்லிடுங்க. எனக்கு அது போதும்" என்றார். பெட்டியோடு மாடிக்குப் போய்விட்டார்.

தங்கை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இஸ்திரிக்காரரக் கேட்ட" என்றாள். "வாச்மேனக் கேட்ட. தையல்காரம்மாவக் கேட்ட. எல்லாரும் எங்கிட்ட வந்து சொன்னாங்க, ஒங்கக்கா இப்படி விசாரிக்கறான்னு. இன்னிக்கு வருவா, நாளைக்கு வருவா, நேரா எங்கிட்டயே கேப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒம் பைய தூக்கிட்டு ஒன்கூடவே மாடி ஏறி வந்தேனே! பக்கத்துல இருக்கறவளக் கேக்காம ஏன் ஊரெல்லாம் சுத்தின?"

அக்கா கையிலிருந்த காலிப் பையை மடித்தாள்.

"நான் ஒனக்கு அவ்ளோ தூரமா?" தங்கையின் குரல் உடைந்தது. "எங்கிட்ட எதையுமே கேக்க மாட்ட. என் முகத்தையே பாப்ப. எத்தன வருஷமா பாத்துட்டிருக்க, எனக்குத் தெரியாதா? கேளு. என்ன வேணுமோ இப்பக் கேளு."

பெட்டியைப் பற்றிப் பேசத்தான் வந்தாள். ஆனால் இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்தது அந்த நேரத்தில் தானாக வெளியே வந்துவிட்டது.

"அவரு போகப் போறாருன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

கேட்டுவிட்டாள். கேட்ட மறுகணமே அதை அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. இல்லை என்று சொல்லிவிடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பொய்யானாலும் பரவாயில்லை, சொல்லிவிடேன்.

தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்."

மாடியில் டியூஷன் சார் நடக்கிற சத்தம் கேட்டது.

"எங்கிட்ட வந்து சொன்னாரு. ஒங்கக்கா முகத்தப் பாத்து எனக்குச் சொல்ல வராது, நீ சொல்லிடுன்னாரு. நான் திட்டித் துரத்தினேன். ஆனா ஒங்கிட்ட சொல்லல. மனசு மாறிடுவாரு, ஒனக்கு எதுக்குச் சொல்லி நோகடிக்கணும்னு நெனச்சேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே வந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு. அப்பறம் சொல்ல பயமாயிடுச்சுக்கா. முன்னாடியே தெரிஞ்சும் சொல்லலன்னு என்னயும் ஒதுக்கிட்டா நான் யார்கிட்டப் போவேன்?"

கோபம் வந்தது அக்காவுக்கு. ஓங்கி ஓர் அறை விடலாம் என்று கைகூட எழுந்தது. இத்தனை வருஷமாகத் தன்னை ஊரே சிரிக்கும்படி சந்தேகப் பிராணியாக அலையவிட்டுவிட்டு, இதோ பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எழுந்த கை பாதியில் நின்றது. அழுகை முந்திக்கொண்டது. தங்கை கிட்டே வரவில்லை. வரலாமா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா, எங்கிட்ட சொல்லாதது?"

"இல்லக்கா."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த 'இல்லக்கா' உண்மைதானா என்று அவள் அதன் பிறகு யாரிடமும் விசாரிக்கவில்லை.